இறுகாத கன்னம்

அச்சு இரண்டாகப் பிரிந்ததும் மேக்கப் மாஸ்டர் காயத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நெற்றி இறுகியிருந்தது. மூக்கு இறுகியிருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, தாடைக்கு அடியிலிருக்கும் சுருக்கம், வலது கன்னம் எல்லாம் மனிதத் தோல் என்று சத்தியமே செய்யலாம் போல வந்திருந்தன. இடது கன்னம் மட்டும் பாதி மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி கொழகொழவென்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டான். நூல் நூலாக விரலோடு வந்தது.

"வந்துடுச்சா?" என்று மனைவி பட்டறை வாசலிலிருந்து கேட்டாள். பட்டறை என்றால் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட். கார் எப்போதும் இருந்ததில்லை.

"வந்துடுச்சு. கன்னம் மட்டும் வரலை."

"எந்தக் கன்னம்?"

"இடது."

"போன தடவையும் இடதுதானே?"

தெரிந்துகொண்டே கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு.

காயம் என்பது சினிமாக்காரர்கள் வைத்த பெயர். வெட்டுக்காயம், தீக்காயம், குண்டு துளைத்த காயம், நாய் கடித்த காயம் என்று எது வேண்டுமானாலும் சிலிகானில் செய்து, ஓரம் தெரியாமல் தோலோடு ஒட்டிவிடுவான். அவன் செய்த வெட்டைப் பார்த்து ஒரு வில்லன் நடிகரே மயங்கி விழுந்திருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அப்பா கூடவே இருக்கும் வீட்டில் எந்த மகனுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது? நாமும் அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு முழு முகம் செய்யும் வேலை வந்ததே இல்லை. காயங்களோடு காயமாகக் காலம் ஓடிவிட்டது. இப்போதுதான் ஒரு டைரக்டர் கூப்பிட்டு, படத்தின் கதாநாயகியை வயதான அம்மாவாக மாற்ற வேண்டும் என்றார். காயம் வரிசையாக ஐந்தாறு முகம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினான். டைரக்டர் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டார்.

"இதெல்லாம் கிழவி வேஷம். எனக்கு அம்மா வேணும்."

அடுத்த தடவை அவரே வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர், டம்ளரைக் கீழே வைக்காமலே எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்கம்மா சார். இறந்து ஒரு வருஷம் ஆகுது."

"இதான். இந்த முகம்தான். அந்தக் கன்னத்துல என்னமோ இருக்கு பாருங்க, அதையும் விட்டுடாதீங்க."

அம்மாவின் இடது கன்னத்தில் ஒரு படை உண்டு. உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரவென்று காய்ந்துபோய், ஓரங்களில் செதில் செதிலாக இருக்கும். யாராவது கேமராவை எடுத்தால் அம்மா தன்னையறியாமல் வலது பக்கம் காட்டி நின்றுவிடுவாள். வீட்டிலிருந்த எல்லாப் படங்களிலும் அவளுக்கு ஒரே ஒரு கன்னம்தான். சுவரில் இருந்த அந்தப் படம் மட்டும், கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவளை யாரோ கூப்பிட்டு, அவள் திரும்பிய நொடியில் எடுத்தது. அசல் அம்மா அதில்தான் இருந்தாள்.

நடிகையை உட்காரவைத்து, பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பசையை முகம் முழுக்கப் பூசி, அதிலிருந்து அவள் முகத்தைப் பிளாஸ்டரில் வார்த்தான். அந்தப் பிளாஸ்டர் முகத்தின்மேல் களிமண்ணை அப்பி அம்மாவைச் செய்யத் தொடங்கினான். மூக்கு சுலபமாக வந்தது. உதடும் வந்தது. கன்னத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. அந்தச் சொரசொரப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறானே தவிர, கையால் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இனி தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. அன்று வேலை ஓடவில்லை. களிமண்ணைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அப்பா வாசலில் வந்து நின்றார்.

அப்பா ஒரு போல்ட் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க போல்ட்டுகளைக் கையால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் "ரிஜெக்ட்" என்று சொல்லித் தூக்கிப்போட்ட மனிதர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அந்த வார்த்தை இன்னும் வேலையில் இருந்தது. அம்மா போட்டுக்கொடுத்த டீ ரிஜெக்ட். மருமகள் வாங்கிய திரைச்சீலை ரிஜெக்ட். மகன் பார்க்கும் தொழில் என்றைக்கோ ரிஜெக்ட். அம்மாவின் உடலை ஏற்றிப்போக ஆஸ்பத்திரி வாசலில் வண்டி வந்து நின்றபோது, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அப்பா வண்டியின் பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு போல்ட் லூஸ்" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. காயம் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

களிமண் முகத்தை அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"மூக்கு சரி. காது மடல் சரி. அந்தக் கன்னம் ரிஜெக்ட்."

"ஏன், அம்மாவுக்கு அப்படித்தானே இருந்துச்சு?"

"அவ அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்ட மாட்டா."

"டைரக்டர் கேக்கறார்ப்பா."

"அவன் யாரு கேக்க?" என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

களிமண் வேலை ஒருவழியாக முடிந்தது. அதன்மேல் கெட்டிப் பிளாஸ்டரை ஊற்றி வெளி அச்சு எடுத்தான். களிமண்ணைச் சுரண்டி எடுத்த பிறகு உள்ளே நடிகையின் முகம், வெளியே அம்மாவின் முகம் குழிவாக, நடுவில் மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் சிலிகானை ஊற்றி இறுகவிட்டால் வேலை முடிந்தது. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது!

இந்த சிலிகான் ஒரு தொட்டாற்சிணுங்கி. கந்தகத்தின் வாடை பட்டால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறுகவே மாட்டேன் என்று நின்றுவிடும். ரப்பர் கையுறையில் கந்தகம் உண்டு, சிலவகைக் களிமண்ணில் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அதனால்தான் பிளாஸ்டிக் கையுறையைத் தவிர வேறெதையும் பட்டறைக்குள் விடமாட்டார்கள். காயமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தான். இருந்தும் முதல் தடவை இடது கன்னம் இறுகவில்லை. இதோ, இரண்டாம் தடவையும் இறுகவில்லை.

மனைவி இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள். காயத்தின் பார்வை அவள் கைக்குப் போனது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள். கையில் ரப்பர் கையுறை.

"அதைக் கழட்டு!"

"எதை?"

"அந்தக் கையுறையை! அதைப் போட்டுக்கிட்டு நீ கதவைத் தொடறே. அதே கதவை நான் தொடறேன். நான் அச்சைத் தொடறேன். இப்பப் புரியுதா கன்னம் ஏன் வரலைன்னு?"

"நான் கதவைத் தொட்டா அத்தையோட கன்னம் இளகிடுமா? அதுவும் இடது கன்னம் மட்டும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விகள் காயத்தின் கோபத்தைக் குறைத்ததாகச் சரித்திரமில்லை. வீட்டிலிருந்த ரப்பர் கையுறைகளையெல்லாம் தேடிப் பிடித்துக் குப்பையில் போட்டான். மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை.

"சரி. அப்போ இனிமே பாத்திரத்தை நீங்களே தேய்ங்க. சோப்புத் தண்ணில கை வெந்துபோக எனக்கு என்ன தலையெழுத்தா?"

கூடத்துக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான் தேய்ச்சுக்கறேன். இந்த வீட்டுல பாத்திரம்னு ஒண்ணாவது ஒழுங்கா தேய்ச்சிருக்கா? எல்லாம் ரிஜெக்ட்."

அம்மா போன பிறகு தன் தட்டையும் டம்ளரையும் அப்பா தானேதான் கழுவிக்கொள்வார். அதிலேயே கை வெடித்துப்போய், தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த மருந்துக்கடையில் ஏதோ மஞ்சள் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். இப்போது மொத்தக் குடும்பத்துப் பாத்திரமும் அவர் தலையில் விழுந்ததில் வெடிப்பு இரண்டு மடங்கானது. களிம்பும் இரண்டு மடங்கானது. வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தாலும் அந்த வாடை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் தடவையும் கன்னம் இறுகவில்லை.

"கன்னம் எப்படி இருக்கு?" என்று அப்பா கட்டிலிலிருந்தே கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு."

"ம்" என்று தலையாட்டிக்கொண்டார். தினமும் காலையில் இதே கேள்வி, இதே 'ம்'. வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறார் என்று காயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட்டின் இடதுபக்கச் சுவர் ஓதம் பிடித்த சுவர். அச்சின் இடது கன்னம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. காயத்துக்குத் திடீரென்று ஞானோதயம் ஆயிற்று. ஈரம்! ஈரம்தான் வேலையைக் கெடுக்கிறது! அச்சைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்து ஜன்னலோரம், வெயில் விழும் மேஜைமேல் வைத்தான். போதாக்குறைக்கு மனைவியின் முடி உலர்த்தும் மெஷினை அதன்மேல் அரைநாள் ஓடவிட்டான். மெஷின் புகைந்து, ஒரு தரம் இருமி, உயிரை விட்டது.

"அது என் தங்கச்சி கொடுத்தது" என்றாள் மனைவி. இரண்டு நாளைக்கு அவள் சொன்ன வார்த்தை அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவளாகவே பேச வேண்டியதாயிற்று. பயம், கோபத்தைவிடப் பெரியது.

குழிவான முகத்துக்கு ஒரு குணம் உண்டு. உள்வாங்கிய முகம்தான் என்றாலும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் புடைத்திருப்பது போலத் தெரியும். நாம் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். கூடத்தில் நடந்து போகும்போதெல்லாம் மாமியார் தன்னையே பார்ப்பது மனைவிக்குத் தாங்கவில்லை. ஒரு துண்டை எடுத்து மூடிவைத்தாள். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் துண்டு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அச்சைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் அது நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களா நிமிர்த்தி வச்சீங்க?"

"நான் ஷெட்டுலதானே இருந்தேன்?"

"என்னங்க... அத்தைக்கு இது பிடிக்கலை போல இருக்குங்க. அந்தக் கன்னத்தைக் காட்ட அவங்களுக்கு இஷ்டம் இல்லை. அதான் இறுக மாட்டேங்குது."

"உளறாதே."

உளறாதே என்று சொன்னானே தவிர, அவனும் அச்சுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மனைவி கடைக்குப் போகும்போதெல்லாம் அச்சின் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். அம்மா உயிரோடு இருந்தபோது அவள் இவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

நான்காம் தடவை கன்னத்தோடு மூக்கின் ஓரமும் சேர்ந்து இளகிக் கிடந்தது. போன் வந்தது.

"காயம் சார், வெள்ளிக்கிழமை ஷூட்டிங்" என்றார் டைரக்டர். "அம்மா சாப்பாடு போடற சீன். முகம் ரெடியா?"

"ஒரு கன்னம் மட்டும் பாக்கி சார்."

"ஒரு கன்னத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன். என் போன்ல இருக்கிற அந்தப் போட்டோவை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்."

வேலை போவதுகூடப் பெரிதில்லை. அம்மாவின் முகத்தை இன்னொருவன் களிமண்ணில் பிசைவான். அவனுக்கு அது ஒரு போட்டோ. கன்னத்தில் ஏதோ அழுக்கு என்று நினைத்து வழித்துக்கூடப் போட்டுவிடுவான். அம்மா இரண்டாம் தடவை போய்விடுவாள்.

"வியாழக்கிழமை கையில இருக்கும் சார்" என்றான்.

புது சிலிகான் டப்பா வாங்கினான். சிலிகான் அளக்கும் தராசையும் மாற்றினான். அச்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஊற்றலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். சாப்பிட்டுவிட்டு வந்தவன், ஊற்றுவதற்கு முன்னால் தூசி இருக்கிறதா என்று அச்சுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

இடது கன்னத்தில் மஞ்சளாக, மெல்லிசாக, ஒரு பூச்சு. மேலிருந்து கீழாக விரல் இழுத்த கோடுகள். அவற்றில் அகலமான கோட்டின் நடுவே ஒரு கீறல். அந்தக் கீறலை அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவின் வலது கட்டைவிரலில் ஒரு போல்ட் கிழித்துவிட்ட தழும்பு.

குனிந்து முகர்ந்தான். அதே வாடை.

கட்டில் அருகே கிடந்த களிம்பு டியூபை எடுத்துப் பார்த்தான். பொடி எழுத்தில் சேர்மானம் போட்டிருந்தது. முதல் வார்த்தையே கந்தகம்.

காயத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையுறையைக் குப்பையில் போட்டது, மெஷினைக் கொன்றது, மனைவியைப் பேயோடு குடும்பம் நடத்தவைத்தது எல்லாம் எதற்கு? அந்தக் கன்னம் ரிஜெக்ட் என்று அவர் அன்றைக்கே சொன்னார். சொன்னதைச் செய்து முடித்திருக்கிறார்.

அப்பா கழுவிய தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த அச்சைத் தொட்டீங்களா?"

அப்பா தட்டைக் கீழே வைத்தார். டியூபையும் அச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"தினமும்."

"தினமுமா! எதுக்குப்பா?"

அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் எதுக்குன்னு" என்றான் காயம். குரல் அவன் கட்டுப்பாட்டில் இல்லை. "என் வேலை உங்களுக்கு எப்பவுமே ஆகாது. ஆனா இது வேலை இல்லைப்பா, அம்மா. அவங்க இருந்தப்பவும் அந்தக் கன்னத்தை நீங்க திரும்பிப் பார்க்கலை. எத்தனை தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருப்பாங்க? 'சோப்பை மாத்து, சரியாயிடும்'. வருஷக்கணக்கா இதே பதில். அவங்க சோப்பை மாத்திக்கிட்டே இருந்தாங்க. போற அன்னிக்கும் புது சோப்புதான் இருந்துச்சு அவங்க பையில. இப்ப நான் ஒருத்தன் அந்த முகத்தைச் செஞ்சா, அதையும் கெடுக்கறீங்க!"

மனைவி சமையலறை வாசலில் உறைந்துபோய் நின்றிருந்தாள். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கீழே வைத்த தட்டை எடுத்து அடுக்கினார்.

"உங்க அக்காவுக்குப் போன் பண்ணு" என்றார். "கொஞ்ச நாள் அங்க போய் இருக்கேன்."

காயம் போன் செய்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் அக்கா வந்து அழைத்துப் போனாள். படியிறங்கும் முன் அப்பா ஜன்னலோரம் இருந்த அச்சை ஒருமுறை பார்த்தார்.

"துண்டு போட்டு மூடாதீங்க" என்றார் மருமகளிடம். "அவளுக்கு மூச்சு முட்டும்."

அவர் போன பிறகு மனைவி அவனிடம் வந்தாள்.

"அச்சைக் கெடுக்கணும்னு நினைக்கறவரு எதுக்குங்க துண்டை மடிச்சு வச்சாரு?"

"அவரு எல்லாத்தையும் மடிச்சுத்தான் வைப்பாரு" என்றான் காயம்.

அச்சை மூன்று தரம் கழுவினான். ஊற்றினான். மறுநாள் திறந்தபோது நெற்றி, மூக்கு, தாடை, வலது கன்னம், இடது கன்னம் எல்லாம் வந்திருந்தன. படையின் ஒவ்வொரு செதிலும் அப்படியே வந்திருந்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவன் அந்தச் சொரசொரப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தான். கட்டிலிலிருந்து "கன்னம் எப்படி இருக்கு?" என்று கேட்க ஆளில்லாதது என்னவோ போலிருந்தது.

வெள்ளிக்கிழமை நடிகையின் முகத்தில் அதை ஒட்டி, ஓரங்களைக் கரைத்து, நிறம் தீட்டி, நரைத்த புருவம் வைத்து அனுப்பினான். கதாநாயகி வருகிறாள் என்று எப்போதும் நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்கள், யாரோ வயதான அம்மா வந்துவிட்டாள் என்று வழிவிட்டு நின்றார்கள். ஒரு லைட்மேன், "பார்த்து வாங்கம்மா, வயர் இருக்கு" என்றார். காட்சியில் அவள் தட்டில் சோறு போட்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" என்று சொல்லி இடது பக்கம் திரும்பினாள். விளக்கு அந்தக் கன்னத்தில் நேராக விழுந்தது.

காயம் மேக்கப் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதான். உதவி டைரக்டர் தேடிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், ஓரம்கூடத் தெரியலை, பிரமாதம்! ஏன் மாஸ்டர் அழறீங்க?"

"பசை கண்ணுல பட்டுடுச்சு" என்றான்.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அப்பா சரியாவே சாப்பிட மாட்டேங்கறார்டா. கை வேற வெடிச்சு ரத்தமா இருக்கு. மருந்தை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாராம். அதை எடுத்துட்டு வாயேன். அப்படியே ரெண்டு வார்த்தை பேசு. அவரு பண்ணினது தப்புதான். வயசானவரு, என்ன பண்றது?"

"மன்னிச்சுட்டேன்னு சொல்லு" என்றான் காயம். பெரிய மனது பண்ணியதில் அவனுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டியூபைத் தேடி எடுத்துப் பார்த்தான். கடைசிவரை அழுத்திச் சுருட்டப்பட்டு, காலியாக இருந்தது. அதையே கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனான். போகிற வழியில், அப்பாவிடம் கோபம் போய்விட்டது போலவும், ஆனால் முழுக்கப் போகவில்லை போலவும் எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனான்.

"இந்த மருந்து ஒண்ணு கொடுங்க."

கடைக்காரர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பெரியவரோட பையனா சார் நீங்க? ரெண்டு மூணு நாளா ஆளையே காணோமேன்னு பார்த்தேன்."

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கார்."

கடைக்காரர் உள்ளே போய், இரண்டு டியூபை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு போதுங்க. கைக்கு மட்டும்தானே."

"எப்பவும் ரெண்டுதானே சார் வாங்குவாரு? கைக்கு ஒண்ணு, வீட்டுல அம்மாவுக்குக் கன்னத்துல படையாமே, அதுக்கு ஒண்ணு. 'வருஷக்கணக்கா கேட்டா, நான் கண்டுக்கலை, இப்ப தினமும் என் கையாலயே போட்டுவிடறேன், ஆறவே மாட்டேங்குது'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. இப்ப எப்படி சார் இருக்கு கன்னம், கொஞ்சமாவது தேவலையா?"